நடுவர் வேறு, சமரசர் வேறு: பிரிந்த பெற்றோரும் நம் வகுப்பு மாணவரும்

குடும்பம் பற்றிய கட்டுரைகளைத் திருத்தும் ஆசிரியர்களுக்கு இந்த வாக்கியம் பழக்கமானது: "பெற்றோர் பிரிந்ததும் நீதிமன்றம் பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டது. இனித் தந்தையால் பிள்ளையைப் பார்க்க முடியாது." இலக்கணத்தில் குறை இல்லை. விவரம்தான் தவறு. சிங்கப்பூரில் குடும்ப நீதிமன்றங்கள் செய்வது இதுவல்ல. இப்படி எழுதும் மாணவருக்குக் கருத்து மதிப்பெண் குறையும் என்பது ஒரு பக்கம். அதே வகுப்பில் பின் வரிசையில், வார இறுதியில் மட்டும் அப்பாவைப் பார்க்கும் ஒரு பிள்ளை அந்தக் கட்டுரை வாசிக்கப்படுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அதற்காகத்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். இங்கே பேசுவது மாதர் சாசனத்தின் கீழ் வரும் மணவிலக்கு பற்றி. முஸ்லிம் குடும்பங்களின் மணவிலக்கு வழக்குகள் ஷரியா நீதிமன்றத்துக்குப் போகும். அதன் நடைமுறை தனி.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். நாம் "பிள்ளை யாருக்கு?" என்று ஒரே கேள்வியாகக் கேட்கிறோம். சட்டம் அதை மூன்றாகக் கேட்கிறது. கல்வி, சமயம், பெரிய மருத்துவச் சிகிச்சை போன்ற முக்கிய முடிவுகளை எடுக்கும் பொறுப்பு யாருக்கு? இதைப் பாதுகாப்புரிமை என்று சொல்லலாம். பிள்ளை அன்றாடம் யாருடன் இருக்கும், யார் சாப்பாடு போட்டுப் பள்ளிக்கு அனுப்புவார்? இது பராமரிப்புப் பொறுப்பு. மற்றவர் எந்த நாளில், எத்தனை மணி நேரம் பிள்ளையுடன் இருப்பார்? இது சந்திப்புரிமை. அம்மாவுக்குப் பராமரிப்புப் பொறுப்பு கிடைத்தது என்றால் அப்பாவின் பாதுகாப்புரிமை போய்விட்டது என்று பொருள் இல்லை. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விசாரித்த "சிஎக்ஸ் எதிர் சிஒய்" வழக்கு இதில் முக்கியமானது. பெற்றோர் இருவருக்கும் பிள்ளை வளர்ப்பில் கூட்டுப் பொறுப்பு உண்டு, ஒருவருக்கு மட்டும் பாதுகாப்புரிமை கொடுப்பது விதிவிலக்கான சூழலில்தான் என்று அந்தத் தீர்ப்பு தெளிவாக்கியது. (சிஎக்ஸ், சிஒய் என்பவை ஆட்களின் பெயர்கள் அல்ல. பிள்ளை யாரென்று வெளியே தெரியாமல் இருக்க, குடும்ப வழக்குகளில் பெயருக்குப் பதில் எழுத்துகளைத்தான் போடுவார்கள்.)

இப்போது சமரசம். மாதர் சாசனத்தின் 50-வது பிரிவின்படி, 21 வயது நிரம்பாத பிள்ளை இருக்கும் தம்பதியர் மணவிலக்கு வழக்குத் தொடுத்தால், நீதிமன்றம் ஏற்பாடு செய்யும் ஆலோசனைக்கும் சமரசப் பேச்சுக்கும் போகவேண்டும். 2011-இல் இதற்கென ஒரு நிலையம் குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கப்பட்டபோது, சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு மட்டுமே இது கட்டாயமாக இருந்தது. வயது வரம்பு படிப்படியாக உயர்ந்து இப்போது 21-இல் நிற்கிறது. அதாவது தொடக்கப்பள்ளிப் பிள்ளை மட்டுமல்ல, தொடக்கக் கல்லூரி மாணவரும், தேசிய சேவையில் இருக்கும் 19 வயதுப் பையனும் இந்தக் கணக்கில் வருகிறார்கள். 2024 ஜூலை 1 முதல் இன்னொரு படியும் சேர்ந்திருக்கிறது. பிரிந்த பின்னும் சேர்ந்து பிள்ளை வளர்ப்பது எப்படி என்று சொல்லித்தரும் கட்டாயத் திட்டம் ஒன்றை, மணவிலக்குக்கு விண்ணப்பிக்கும் முன்பே பெற்றோர் முடித்திருக்கவேண்டும். எல்லாவற்றிலும் இருவரும் ஒத்துப்போகிறார்கள் என்றாலும் இதிலிருந்து தப்ப முடியாது.

மாணவர்கள் குழம்பும் இடம் அடுத்தது. சமரசரை "நடுவர்" என்று எழுதிவிடுகிறார்கள். பட்டிமன்றத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நடுவர் என்றால் இரு அணியும் பேசி முடித்த பிறகு எழுந்து தீர்ப்புச் சொல்பவர். ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரும் அப்படித்தான். சமரசர் தீர்ப்புச் சொல்லமாட்டார். யார் நல்லவர், யார் கெட்டவர் என்று கண்டுபிடிப்பதும் அவர் வேலை இல்லை. இருவரும் தங்கள் வாயால் ஓர் ஏற்பாட்டைச் சொல்லும்வரை பேச வைப்பதே அவர் வேலை. நீதிமன்றச் சமரசத்தில் ஒரு நீதிபதியே சமரசராக அமர்வதுண்டு. கூடவே, பிள்ளை வளர்ப்பும் உளவியலும் தெரிந்த குடும்ப நிபுணர் ஒருவரும் இருப்பார். ஆனால் அந்த நாற்காலியில் இருக்கும்வரை அந்த நீதிபதியும் தீர்ப்பு எழுதுவதில்லை. உடன்பாடு வந்தால் அது நீதிமன்ற ஆணையாகப் பதிவாகும். வராவிட்டால் வழக்கு விசாரணைக்குப் போகும்.

அந்த அறையில் பேசியதை, ஒப்புக்கொண்டதை, பிறகு வழக்கில் சாட்சியமாகக் காட்ட முடியாது. ஏன் இப்படி ஒரு விதி? "நான் கொஞ்சம் கோபக்காரன்தான், மாத்திக்கிறேன்" என்று ஒருவர் மனம் திறந்து சொன்னதை மறுநாள் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கையில் எடுத்தால், அடுத்த முறை யார் வாயைத் திறப்பார்?

அங்கே பேசித் தீர்வதெல்லாம் பெரிய தத்துவங்கள் என்று நினைக்கவேண்டாம். வெள்ளிக்கிழமை மாலை வீவக புளோக்கின் கீழே வந்து அழைத்துப் போவதா, எம்ஆர்டி நிலையத்திலா? ஞாயிறு எத்தனை மணிக்குத் திரும்பவேண்டும்? துணைப்பாட வகுப்பு சனிக்கிழமை காலையில் என்றால் அப்பாவின் நேரத்தில் அது குறையுமா? ஜூன் விடுமுறையில் முதல் பாதி யாருடன்? நம் குடும்பங்களில் தவறாமல் வருவது தீபாவளி. காலை எண்ணெய்க் குளியல் யார் வீட்டில், மதியச் சாப்பாடு யார் வீட்டில், பாட்டி தாத்தா காலில் எப்போது விழுவது? வெளியிலிருந்து பார்த்தால் சின்ன விஷயம். ஆனால் இவற்றை மணிக்கணக்கோடு எழுதி வைக்காத குடும்பங்களில் ஒவ்வொரு பண்டிகையும் சண்டையாகிறது, அந்தச் சண்டை பிள்ளையின் கண்ணெதிரில் நடக்கிறது. ஒரு நீதிபதி எழுதும் ஆணையில் இவ்வளவு நுணுக்கமாகக் குடும்ப வழக்கங்கள் வருவது கடினம். பெற்றோருக்கே தெரிந்த சங்கதி அது. சமரசத்தின் பலம் இதில்தான் இருக்கிறது என்பேன்.

எல்லா வழக்குக்கும் இது பொருந்துமா? பொருந்தாது. அடி உதை இருந்த வீட்டில், அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே மேசையில் சமமாகப் பேசுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. இருவரையும் தனித்தனி அறையில் வைத்துப் பேசும் முறை உண்டு. தேவைப்பட்டால் நீதிமன்றம் சமரசத்திலிருந்து விலக்கும் அளிக்கலாம். "பேசினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று கட்டுரையை முடிக்கும் மாணவருக்கு இந்தப் பக்கத்தையும் காட்டுங்கள்.

இனி மேற்பார்வையுடன் கூடிய சந்திப்பு. இதைப் பற்றித்தான் தவறான எண்ணம் அதிகம். "அப்பா தப்பு செஞ்சதால போலீஸ் மாதிரி ஒருத்தர் கூட உட்காருவாங்க" என்று ஒரு மாணவர் வாய்மொழிப் பயிற்சியில் சொன்னால் ஆச்சரியப்படவேண்டாம். பெரியவர்களே அப்படித்தான் நினைக்கிறார்கள்.

நீதிமன்றம் இப்படி ஆணையிடக் காரணங்கள் பல. வன்முறை பற்றிய அச்சம் இருக்கலாம். மது, போதைப்பொருள், கவனிக்கப்படாத மனநோய் காரணமாகப் பிள்ளையின் பாதுகாப்பில் சந்தேகம் இருக்கலாம். பிள்ளையை நாட்டைவிட்டுக் கூட்டிப் போய்விடுவார் என்ற பயம் இருக்கலாம். இவற்றில் எதுவுமே இல்லாமலும் ஆணை வரலாம். தகப்பனும் மகளும் இரண்டு ஆண்டுகளாக ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை, மகளுக்கு இப்போது ஐந்து வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளைத் திடீரென்று முழு நாளும் அவரோடு அனுப்பினால் என்ன ஆகும்? அந்த இடைவெளியைக் கடக்க ஒரு பாலம் வேண்டும். ஆகவே மேற்பார்வை என்ற சொல்லைப் பார்த்ததும் குற்றம் என்று முடிவு கட்டக்கூடாது.

நடைமுறை எப்படி? சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் ஆதரவோடு இயங்கும் சமூக சேவை அமைப்புகள் இந்தச் சந்திப்புகளை நடத்துகின்றன. முதலில் பெற்றோரைத் தனித்தனியாகச் சந்திப்பார்கள். பிள்ளைக்கு அறையைக் காட்டுவார்கள்: விளையாட்டுச் சாமான், வண்ணப் பென்சில், சின்ன மேசை. சந்திப்பு நாளில் பெற்றோர் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காதபடி வெவ்வேறு நேரத்தில் வரச் சொல்வார்கள். ஓரிரு மணி நேரம், பயிற்சி பெற்ற ஒருவர் அதே அறையில் இருப்பார். பிள்ளை அழுதால், பேச்சு "உங்கம்மா என்ன சொன்னா?" என்று திரும்பினால், அவர் மெதுவாகக் குறுக்கிடுவார். நடந்தது குறிப்பாக எழுதப்பட்டு நீதிமன்றத்துக்கு அறிக்கையாகப் போகும். இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள்: சமரச அறையில் சொன்னது வெளியே போகாது, மேற்பார்வை அறையில் நடந்தது நீதிபதியிடம் போகும்.

இதைவிட லேசான ஏற்பாடும் உண்டு. சந்திப்பு வெளியே இயல்பாக நடக்கும். பிள்ளையை ஒருவரிடமிருந்து வாங்கி மற்றவரிடம் ஒப்படைக்கும் அந்தச் சில நிமிடங்கள் மட்டும் நிலையத்தில், மேற்பார்வையில் நடக்கும். வாசலில் வாய்த்தகராறு ஆகும் குடும்பங்களுக்கு அதுவே போதும்.

குறை இல்லாத ஏற்பாடு என்று சொல்லமாட்டேன். சொந்த மகனோடு விளையாடும்போது ஒருவர் குறிப்பெழுதிக்கொண்டிருந்தால் எந்தப் பெற்றோருக்கும் கூசத்தான் செய்யும். அறைக்குள் உப்புமா கிண்டிக் கொடுக்க முடியாது, நீச்சல் சொல்லித்தர முடியாது. அதனால்தான் இது வழக்கமாகக் குறிப்பிட்ட சில அமர்வுகளுக்கு மட்டும் ஆணையிடப்படுகிறது. அறிக்கையைப் பார்த்து, மேற்பார்வை தேவையா, நேரத்தைக் கூட்டலாமா, வெளியே விடலாமா என்று நீதிமன்றம் மறுபடி பார்க்கும்.

ஆணை இருந்தும் பிள்ளையைக் காட்டாமல் இருந்தால்? 2022-இல் நிறைவேறிய மாதர் சாசனத் திருத்தம் நீதிமன்றத்தின் கையை வலுப்படுத்தியது. தவறிப்போன சந்திப்புக்கு ஈடாக வேறு நாள் கொடுக்கச் சொல்லலாம், வீணான செலவைத் திருப்பித் தரச் சொல்லலாம், பிணை எழுதி வாங்கலாம். மிஞ்சினால் அபராதம், சிறை. ஆனால் அம்மாவைச் சிறைக்கு அனுப்பிவிட்டு அப்பாவோடு சிரித்து விளையாடு என்று எந்தப் பிள்ளையிடம் சொல்ல முடியும்? தண்டனையைக் கடைசியில் வைத்திருப்பது சரிதான் என்று எனக்குப் படுகிறது.

மலேசிய வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே 1976-ஆம் ஆண்டின் சட்டச் சீர்திருத்த (திருமணம், மணவிலக்கு) சட்டம், 106-வது பிரிவில், ஒருதரப்பாக மணவிலக்குக் கேட்பவர் பொதுவாக முதலில் சமரசக் குழுவுக்குப் போகவேண்டும் என்கிறது. தேசியப் பதிவுத் துறையின் திருமண மன்றம்தான் பலருக்கும் தெரிந்த குழு. அதன் நோக்கம் திருமணத்தைக் காப்பாற்ற முயல்வது. சிங்கப்பூரில் நான் மேலே சொன்ன சமரசமோ, பிரிவது உறுதியான பிறகு பிள்ளைக்கு என்ன ஏற்பாடு என்று பேசுவது. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதி மாணவர்கள் கலந்துவிடுகிறார்கள். இன்னொன்று: ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்ற அனுமானம் மலேசியச் சட்டத்தின் 88-வது பிரிவில் உண்டு, அதை மறுத்து வாதிடவும் முடியும். சிங்கப்பூர்ச் சட்டத்தில் அப்படி எழுதப்பட்ட வயது விதி இல்லை. பிள்ளையின் நலனே முதன்மை.

ஆசிரியர்கள் என்ன செய்யலாம்? "டீச்சர், அவர் பிள்ளையைக் கவனிக்கிறதே இல்லைன்னு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்க" என்று ஒரு பெற்றோர் கேட்டால், இரக்கப்பட்டு எழுதிவிடாதீர்கள். நீங்கள் நேரில் பார்த்தது வருகையும் வீட்டுப்பாடமும் மட்டுமே. கோரிக்கையைப் பள்ளித் தலைமையிடம் விடுங்கள். பள்ளி வாசலில் யார் அழைத்துப் போகலாம் என்பதை நீங்கள் முடிவு செய்யவேண்டியதில்லை; ஆணையின் நகல் அலுவலகத்தில் இருக்கவேண்டும், அதன்படி நடக்கவேண்டும். "அப்பாகிட்ட ஃபீஸ் கேளுன்னு அம்மா சொன்னாங்க" என்று பிள்ளை தூது போவதைப் பார்த்தால் பள்ளி ஆலோசகரிடம் சொல்லுங்கள். "உனக்கு யாரைப் பிடிக்கும்?" என்று வேடிக்கைக்குக்கூடக் கேட்கவேண்டாம்.

திங்கட்கிழமை "புத்தகம் அப்பா வீட்ல இருக்கு, டீச்சர்" என்று ஒரு மாணவர் சொல்வது பெரும்பாலும் சாக்கு அல்ல, உண்மை. முடிந்தால் இன்னொரு பிரதியை வகுப்பிலேயே வைத்திருங்கள். "விடுமுறையில் குடும்பத்தோடு" என்ற தலைப்பைக் கொடுக்கும் நாளில் பக்கத்திலேயே வேறொரு தலைப்பையும் கொடுங்கள்.

வகுப்புப் பயிற்சிக்கு, உயர்நிலை 3, 4 மாணவர்களுக்கு: தொடக்கத்தில் உள்ள தவறான வாக்கியத்தைப் பாதுகாப்புரிமை, பராமரிப்புப் பொறுப்பு, சந்திப்புரிமை என்ற மூன்று சொற்களையும் பயன்படுத்தித் திருத்தி எழுதுக. பிறகு இருவர் இருவராக, தீபாவளி நாளைப் பங்கிட்டுக்கொள்ளும் பெற்றோராக நடித்துப் பேசுக. மூன்றாமவர் சமரசராக இருப்பார், அவர் தீர்ப்புச் சொல்லக்கூடாது. பெற்றோர் பிரிந்த மாணவர் வகுப்பில் இருப்பது தெரிந்தால் நடிப்பை விட்டுவிட்டு எழுத்துப் பயிற்சியை மட்டும் செய்யுங்கள்.