அறுந்தது வேறு, அழிந்தது வேறு

அரசுக் கணினியில் ஒருவருடைய பெயர் இல்லாமல் போவதற்கு அதை யாரும் அழித்திருக்க வேண்டியதில்லை. பெயர் இருக்கும் தரவுக் களஞ்சியத்துக்கும் அதைப் படித்துத் திரையில் காட்டும் மென்பொருளுக்கும் நடுவே உள்ள இணைப்பு அறுந்தாலே போதும். கவுன்ட்டரில் இருப்பவர் பதிவே இல்லை என்றுதான் சொல்வார். இதற்கு நேர்மாறும் நடக்கும். உங்கள் விவரங்களை நீக்கிவிட்டோம் என்று சொல்லும் ஒரு நிறுவனம், இணைப்பை மட்டும் எடுத்துவிட்டு மூலத்தைத் தன்னிடமே வைத்திருக்கக் கூடும். நம் போனிலிருந்து ஒருவருடைய எண்ணை எடுத்துவிட்டால் அவர் ஊரைவிட்டே போய்விட்டார் என்று ஆகிவிடுமா? துண்டிப்பதும் அழிப்பதும் இரு வேறு செயல்கள். இவை ஒன்றாகக் குழப்பப்படும்போது மக்கள் இரண்டு பக்கமும் இழக்கிறார்கள்: இருக்க வேண்டிய பதிவு போய்விடுகிறது, போக வேண்டிய பதிவு தங்கிவிடுகிறது. ஆகவே ஒரு களஞ்சியத்தைத் துண்டிப்பதையோ அழிப்பதையோ கணினி அறைக்குள் முடிந்துபோகும் வேலையாக விட்டுவிடக் கூடாது. அதில் பெயர் உள்ள ஒவ்வொருவரையும் தொடும் நிர்வாக முடிவு அது. முன்னறிவிப்பு, காரணம், மேல்முறையீடு மூன்றும் அதற்கு இருந்தே ஆக வேண்டும் என்பதுதான் என் வாதம்.

சங்கரன்கோவிலுக்கு இது எட்டாத விஷயம் அல்ல. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாக உதயமாகும் வரை இந்த ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. மாவட்டம் பிரிந்தால் வருவாய்த் துறை, உணவு வழங்கல் துறை என ஒவ்வொன்றின் கணினியிலும் ஒரு வட்டத்தின் பதிவுகளை ஒரு தலைப்பிலிருந்து எடுத்து இன்னொன்றில் சேர்க்க வேண்டும். விசைத்தறியை நம்பி வாழும் குடும்பங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் வரை இலவச மின்சாரம் கிடைக்கிறது. அந்தச் சலுகையும் ஒரு மின் இணைப்பு எண்ணில்தான் தொங்குகிறது. மானியம் பெறும் மின் இணைப்புகளோடு ஆதாரைச் சேர்க்கச் சொல்லி 2022 நவம்பரில் முகாம்கள் தொடங்கின. ரேஷன் கார்டும் ஆதாரோடு பிணைந்திருக்கிறது. இப்படி இணைப்பு கூடக்கூட, ஓரிடத்தில் விழும் கத்தரிப்பு பல வீடுகளில் தெரியும்.

தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு நல்ல முன்மாதிரியும் உண்டு. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்துக்கு ஏறத்தாழ 1 கோடியே 63 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். 1 கோடியே 6 லட்சம் பேருக்கு மேல் தேர்வானார்கள். ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நன்செய் 5 ஏக்கருக்கு மிகக் கூடாது, ஆண்டு மின் நுகர்வு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது, கார் இருக்கக் கூடாது. இவற்றையெல்லாம் பல துறைகளின் தரவுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். இப்படிப் பொருத்தும்போது பிழை வராமல் இருக்காது. பழைய காரை விற்றவர் ஆர்.சி. புத்தகத்தில் பெயரை மாற்றாமல் விட்டிருந்தால் கணினிக்கு அவர் இன்னும் கார்க்காரர்தான். ஆனால் இத்திட்டத்தில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவருக்குக் காரணம் குறுஞ்செய்தியாகப் போனது. அது வந்த 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று வழியும் சொல்லப்பட்டது. சங்கரன்கோவில் வருவாய்க் கோட்டத்தின் தலைமையிடம் என்பதால், இந்தச் சுற்று வட்டாரத்துப் பெண்கள் அந்த மேல்முறையீட்டுக்காக மாவட்டத் தலைநகர் வரை போக வேண்டியிருக்கவில்லை. தகுதி வரம்புகள் சரியா என்பது வேறு விவாதம். கணினி சொன்னது தவறு என்று ஒரு அதிகாரியிடம் எடுத்துச் சொல்ல இடம் இருந்தது என்பதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

அந்த இடம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைத் தெலங்கானா காட்டிவிட்டது. அங்கே 'சமக்ர வேதிகா' என்ற மென்பொருள் வாகனப் பதிவு, சொத்து, மின் கட்டணம் போன்ற தனித்தனிக் களஞ்சியங்களை ஒருவரின் பெயரில் கொண்டுவந்து சேர்த்துப் பார்க்கும். 2016 முதல் ரத்தான குடும்ப அட்டைகள் ஏறத்தாழ 19 லட்சம். நோட்டீஸ் கொடுக்கப்படவில்லை. கடைக்குப் போன பிறகுதான் பலருக்குச் செய்தியே தெரிந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2022 ஏப்ரலில் அந்த அட்டைகளைக் களத்தில் நேரடியாக மறுபடி சரிபார்க்கும்படி உத்தரவு வந்தது. அதன்பின் சுமார் 2 லட்சம் விண்ணப்பங்களைப் பரிசீலித்ததில் 15,000-க்கு மேற்பட்டவர்கள் தகுதியுள்ளவர்கள் என்று தெரிந்தது. நூற்றுக்கு ஏழெட்டுப் பிழை என்பது கணினிக்குக் குறைவுதானே, மனிதர்கள் செய்திருந்தால் இன்னும் அதிகம் தவறியிருக்கும் என்று ஒரு வாதம் எழும். அது பாதி சரி. வி.ஏ.ஓ. ஒருவர் தவறு செய்தால் அவர் யார் என்று தெரியும், அவர் எழுதிய குறிப்பும் இருக்கும். மென்பொருள் தவறு செய்தால் எந்தக் களஞ்சியத்தின் எந்த வரியால் பெயர் போனது என்று அலுவலருக்கே தெரியாது. அதோடு, அந்த 15,000 பேர் மறுபடி விண்ணப்பிக்கத் தெரிந்தவர்கள். ஊரைவிட்டுப் பிழைக்கப் போனவர்களும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அந்தக் கணக்குக்குள்ளேயே வராமல் போயிருக்கலாம்.

எல்லோருக்கும் முன்னறிவிப்பு கொடுத்துக்கொண்டிருந்தால் தகுதியில்லாதவர்கள் தொடர்ந்து அனுபவிப்பார்கள், அரசுக்குப் பண நஷ்டம் என்பது அடுத்த மறுப்பு. முன்னறிவிப்பு என்றால் காலவரையற்ற காத்திருப்பு என்று பொருளில்லை. 30 நாள் தாமதத்தால் அரசு இழப்பது தகுதியில்லாத ஒருவருக்குப் போகும் ஒரு மாத அரிசி. முன்னறிவிப்பே இல்லாவிட்டால் தகுதியுள்ள குடும்பம் இழப்பது, யாரோ வழக்குப் போட்டு வெல்லும் வரை ஆண்டுக்கணக்கில் வாங்கியிருக்க வேண்டிய அரிசி. இந்த இரண்டு இழப்பும் சமம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இனி, களஞ்சியத்தைக் கையாளும் தொழில்நுட்பப் பணியாளர் பக்கத்துக்கு வருவோம். அது தாலுகா அலுவலகத்தின் ஒப்பந்த நிறுவனமாக இருக்கலாம், ஒரு கூட்டுறவுச் சங்கமாக இருக்கலாம், நூல் வியாபாரியின் கணக்கு மென்பொருளைப் பராமரிப்பவராகவும் இருக்கலாம். பென்டாஹோ போன்ற ஒருங்கிணைப்பு மென்பொருளில் பட்டியலிலிருந்து ஒரு களஞ்சியத்தை எடுத்தால் இணைப்பு விவரம் மட்டுமே போகும். சர்வரில் உள்ளது அங்கேயே இருக்கும். இன்ஃபர்மேட்டிகா என்ற இன்னொரு மென்பொருளில் களஞ்சியத்தின் உள்ளடக்கத்தை அழிப்பதற்கென்று தனிக் கட்டளையே இருக்கிறது. அதைக் கொடுத்தால் திரும்பப் பெற பேக்கப் ஒன்றுதான் துணை. ஆனால் பேக்கப் இருக்கிறது என்ற நம்பிக்கையே பல இடங்களில் ஆபத்தாகிறது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், வேறொரு சர்வரில் இருப்பதாக நினைத்து, பயன்பாட்டில் இருந்த தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். அவர்கள் ஏற்பாடு செய்து வைத்திருந்த ஐந்து வகை நகலெடுப்பு முறைகளில் ஒன்றும் கைகொடுக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அவர்களுக்கு வாய்த்த அந்தத் தற்செயல் எல்லோருக்கும் வாய்க்காது. அதனால் பேக்கப்பை எடுத்து வைத்தால் மட்டும் போதாது; இன்னொரு கணினியில் அதை விரித்து, பழைய பதிவுகள் எண்ணிக்கை குறையாமல் வருகின்றனவா என்று பார்த்த பிறகே அழிக்க வேண்டும். அதற்கும் முன்னால், அந்தக் களஞ்சியத்தை நம்பி எந்தெந்த அறிக்கைகளும் பட்டியல்களும் ஓடுகின்றன என்று கண்டறிய வேண்டும். சிறிது காலம் புதிதாக எதுவும் எழுத முடியாதபடி, படிக்க மட்டும் முடிகிற நிலையில் வைத்திருந்து, மாதக் கடைசிக் கணக்கு ஒரு சுற்றாவது சிக்கலில்லாமல் முடிகிறதா என்று காத்திருப்பது நல்லது. ஒருவர் கட்டளை கொடுக்க, இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். துண்டித்த பிறகு பழைய பாஸ்வேர்டை ரத்து செய்வதை மறக்கிறார்கள்; மூடியதாக நினைத்த வழி அப்படித்தான் திறந்தே கிடக்கிறது. எக்செல் கோப்பாக இறக்கி மெயிலிலும் வாட்ஸாப்பிலும் பென்டிரைவிலும் போன நகல்கள் இருக்கும்வரை எதையும் அழித்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

தனியுரிமைக்காகப் பார்த்தால் பழையதைச் சீக்கிரம் அழிப்பதே நல்லது அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. தேவை முடிந்த தரவு தங்கியிருப்பது ஆபத்து என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் யாருடைய தேவை முடிந்தது என்று கேட்க வேண்டும். கரீபியன் தீவுகளிலிருந்து கப்பலில் வந்து குடியேறியவர்களின் வருகைச் சீட்டுகளைப் பிரிட்டன் உள்துறை அமைச்சகம் 2010-இல் அழித்தது. தரவுப் பாதுகாப்பும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. பிறகு அதே அமைச்சகம், எப்போது வந்தீர்கள் என்பதற்குச் சான்று கொடுங்கள் என்று அந்த முதியவர்களைக் கேட்டது. வேலை இழந்தார்கள், இலவச மருத்துவம் மறுக்கப்பட்டது, சிலர் நாடு கடத்தவும்பட்டார்கள். 2018-இல் 'விண்ட்ரஷ்' விவகாரமாக இது வெடித்து, அரசு மன்னிப்புக் கேட்டது. அலுவலகத்துக்குத் தேவை முடிந்த சீட்டு, அந்த மனிதர்களின் குடியுரிமைக்கு மிஞ்சியிருந்த சான்றாக இருந்திருக்கிறது.

நம் நாட்டுச் சட்டத்தில் கவனிக்க வேண்டிய ஒரு வேறுபாடு இருக்கிறது. 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. அப்போது, சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் ஒரு தனியார் நிறுவனம் நம் தரவை அழிக்க வேண்டும். தான் வேலைக்கு அமர்த்திய வேறு நிறுவனத்திடம் உள்ளதையும் அழிக்கச் செய்ய வேண்டும். இணைப்பை மட்டும் எடுத்துவிட்டு அழித்துவிட்டோம் என்று அப்போது சொல்ல முடியாது. வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லும் பதிவுகளுக்கு மட்டும் இது பொருந்தாது. ஜி.எஸ்.டி. கணக்குகளை ஆண்டு அறிக்கைக்கான கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். வங்கிகள் வாடிக்கையாளரின் அடையாள ஆவணங்களைக் கணக்கு முடிந்த பிறகும் ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அரசுக்கோ, இந்த அழிக்கும் கடமையிலிருந்து 17-ஆம் பிரிவு விலக்குக் கொடுத்துவிட்டது. ஆனால் ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குப் பயன்படும் தரவில் பிழை இருந்தால் அதைத் திருத்தித் தர வேண்டிய கடமையிலிருந்து அரசுக்கும் விலக்கு இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. கோடிக்கணக்கான பயனர்கள் உள்ள விற்பனைத் தளங்களும் சமூக ஊடகங்களும் மூன்று ஆண்டு பயன்படுத்தப்படாத கணக்கின் தரவை அழிக்கும் முன் 48 மணி நேரம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. பொருள் வாங்கும் செயலியின் கணக்குக்கே அந்த மரியாதை உண்டு என்றால், ஒரு குடும்பத்தின் ரேஷன் கார்டுக்கு அதைவிடக் குறைவாக இருப்பது எப்படி நியாயமாகும்?

2027 வரை காத்திருக்காமல் இன்றே எடுக்கக்கூடிய வழி தகவல் அறியும் உரிமைச் சட்டம். பெயர் நீக்கப்பட்டால், பதிவு காணவில்லை என்று வாய்வார்த்தையில் சொல்வதை ஏற்றுக்கொண்டு திரும்பிவிட வேண்டாம். எழுத்தில் ஒரு மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குவது முதல் வேலை. ரேஷன் குறை என்றால் வட்ட வழங்கல் அலுவலகத்திலும் 1967 என்ற எண்ணிலும், மற்றவற்றுக்கு 1100 என்ற எண்ணிலும், திங்கட்கிழமை தென்காசி ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் நாளிலும் அதைப் பதியலாம். அடுத்து, 10 ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் கேட்கும் மனு. பாதிக்கப்பட்டவருக்கு நிர்வாக முடிவின் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவே சொல்வதால், பதிவு எந்தத் தேதியில் நீக்கப்பட்டது, எந்தத் துறையின் தரவோடு ஒப்பிட்டு நீக்கப்பட்டது, எந்தப் பதவியில் உள்ளவர் ஒப்புதல் கொடுத்தார், அழிக்கப்பட்டதா அல்லது துண்டிக்கப்பட்டதா, நகல் எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று தனித்தனியாகக் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இந்த மனுவைச் சீக்கிரம் கொடுப்பதில் இன்னொரு பயனும் இருக்கிறது. ஒருவர் கேட்டிருக்கும் தகவலை அதன்பிறகு அழித்தால், அது 20-ஆம் பிரிவின்படி பொதுத் தகவல் அலுவலருக்கு 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கத்தக்க குற்றம். மனு பதிவான நாளிலிருந்து அந்தப் பதிவின்மேல் கை வைப்பவர் அந்த அபராதத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும்.