கொழும்பின் ஒதுங்கிய இடங்கள்: நகர வரலாறும் நினைவின் வர்க்கச் சார்பும்

பெருநகரொன்றின் சந்தடியற்ற மூலைகளிலே பழைமையின் சுவடுகளைத் தேடிச் செல்வது இன்று பலராலும் விரும்பப்படும் பொழுதுபோக்காக உள்ளது. கொழும்பைப் பொறுத்தவரையிலும் இத்தகைய தேட்டத்துக்கு வழிகாட்டும் எழுத்துக்கள் குறைவின்றிக் கிடைக்கின்றன. அவை காட்டும் இடங்கள் பெரும்பாலும் தேவாலயங்கள், மாளிகைகள், கோட்டையின் எச்சங்கள் என்பனவே. கல்லிற் கட்டியவை நிலைத்து நிற்பதால் அவை கண்ணிற் படுவது இயல்பு. ஆயின் கல்லிற் கட்டுவிக்கும் ஆற்றல் எல்லா வர்க்கத்தாருக்கும் வாய்த்ததன்று. எனவே நகரத்தின் அறியப்படாத வரலாற்றிடங்கள் எவை என்ற வினா, அவை ஏன் அறியப்படாது போயின என்ற வினாவையும் உடன்கொண்டே எழுகின்றது. இவ்விரண்டையும் இணைத்துச் சில இடங்களை இங்கு நோக்குவோம்.

வழிகாட்டி நூல்கள் காட்டும் இடமொன்றிலிருந்தே தொடங்கலாம். புறக்கோட்டையின் சனநெரிசலைக் கடந்து கொட்டாஞ்சேனைப் பக்கமாக மேட்டிலேறினால் ஊல்வெண்டால் தேவாலயத்தை அடையலாம். 1749இல் அத்திவாரமிடப்பட்டு 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட இக்கட்டடம் ஒல்லாந்தர் இந்நாட்டில் விட்டுச்சென்ற கட்டடங்களுட் சிறப்பானது. ஓநாயே இல்லாத நாட்டில், அதுவும் ஒரு மேட்டுநிலத்துக்கு, ‘ஓநாய்ப் பள்ளத்தாக்கு’ எனப் பொருள்படும் பெயர் வாய்த்தது விந்தையே. போர்த்துக்கேயர் காலத்திலே அங்கிருந்த குவாடலூப்பே அன்னை ஆலயத்தின் பெயர் வழக்கில் திரிய, ஒல்லாந்தர் அத்திரிபை ஓநாயோடு தொடர்புபடுத்தி மொழிபெயர்த்துக்கொண்டனர் என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். உள்ளே பதிக்கப்பட்டுள்ள கல்லறைக் கற்களுட் பல, 1813இல் கோட்டையிலிருந்த பழைய தேவாலயத்திலிருந்து கொணரப்பட்டவை. ஆளுநர்களும் உத்தியோகத்தரும் அவர்தம் மனைவி மக்களும் அங்கே பெயரோடும் குலச்சின்னத்தோடும் துயில்கின்றனர். இவ்விடத்தின் அமைதியை எவரும் அனுபவிக்கலாம். அது எவருடைய அமைதி என்பதை மட்டும் மறந்துவிடலாகாது.

தமிழிலக்கிய வரலாறு பயில்வோருக்கு இப்பகுதியில் இன்னோரிடமும் முக்கியமானது. புறக்கோட்டைப் பிறின்ஸ் வீதியில், 1982இல் ஒல்லாந்தர் கால நூதனசாலையாகத் திறக்கப்பட்ட பழைய மனை, 1696 முதல் 1796 வரை குருமாரையும் ஆசிரியரையும் பயிற்றிய செமினரியாக விளங்கியது எனக் கூறப்படுகின்றது. கொழும்புச் செமினரியிற் பயின்றவரே பிலிப்பு தெ மெல்லோ. கொழும்பிலே பிறந்த அத்தமிழரின் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு 1759இல் கொழும்பிலேயே அச்சேறியது. ஈழத்துத் தமிழ் அச்சு வரலாற்றை யாழ்ப்பாணத்து மிஷனரிமாரிலிருந்தும் நாவலரிலிருந்தும் தொடங்குவது நம்மிடையே ஒரு பழக்கமாகிவிட்டது. அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னரே, ஒரு வணிகக் கொம்பனியின் ஆட்சித் தேவையும் மதத் தேவையும் காரணமாகத் தமிழ் எழுத்துக்கள் கொழும்பில் வார்க்கப்பட்டன என்பது மனங்கொள்ளத்தக்கது.

அவ்வெழுத்துக்களைக் கோத்தவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அச்சகத் தொழிலாளர் வரலாற்றிலே தம் பெயரைப் பதித்தது மிகப் பின்னர், 1893இல். கேவ் கம்பனியின் அச்சுத் தொழிலாளர் சம்பளத் தாமதங் காரணமாக அவ்வாண்டு செய்த வேலைநிறுத்தமே இந்நாட்டின் முதலாவது தொழிற்சங்கத்தின் தோற்றத்துடன் தொடர்புடையது. நூல்களைப் பற்றி ஓயாது பேசும் நாம், அவற்றை அச்சிட்ட கைகள் முதன்முதலில் ஓய்ந்த இடத்தைக் கொழும்பில் எவரும் காட்டக் கேட்டதில்லை.

கோட்டையிலிருந்து பேரை வாவியைக் கடந்தால் கொம்பனித்தெரு. நமது நோக்குக்கு நகரத்தில் இதனிலும் பொருள் பொதிந்த இடம் இல்லை எனலாம். ஒல்லாந்தர் தம் அடிமைகளைப் பகலெல்லாம் கோட்டையிலும் மனைகளிலும் வேலைவாங்கி, இரவில் நீர் சூழ்ந்த இந்நிலத்திலே அடைத்து வைத்தனர். வாவியிலே முதலைகள் இருந்தமையால் தப்புதல் அரிது. புறக்கோட்டையில் மணிக்கூண்டு நிற்கும் ‘கேமன்ஸ் கேற்’ என்ற இடத்தின் பெயரிலும் அம்முதலை உண்டு. கேமன் என்பது முதலையைக் குறிக்கும் சொல். ஆங்கிலத்திலே ‘ஸ்லேவ் ஐலண்ட்’, அதாவது அடிமைத்தீவு, என இப்பகுதி வழங்கியமைக்குக் காரணம் இதுவே. தமிழரும் சிங்களவரும் வழங்கியதோ கொம்பனியின் பெயரை. அது வணிகக் கொம்பனியைக் குறித்ததென்பாரும், அங்கு தங்கியிருந்த படைக் கொம்பனிகளைக் குறித்ததென்பாரும் உளர். எவ்வாறாயினும் அது ஆண்டோர் பக்கத்துச் சொல்.

இவ்வடிமைகளைப் பற்றிப் பேசுவோர் ஆபிரிக்கரையே நினைவுகொள்வர். அது முழு உண்மையன்று. 1659 முதல் 1661 வரை, போரும் பஞ்சமும் தஞ்சைப் பகுதியைச் சூறையாடியபோது, ஒல்லாந்தர் சோழமண்டலக் கரையிலே ஆயிரக்கணக்கானோரை அடிமைகளாக வாங்கி இலங்கைக்கும் பத்தேவியாவுக்கும் ஏற்றினர். பசியினாலே தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றோர் அவர்கள். கடல் கடந்த தமிழரைப் பற்றிப் பேசும்போது சோழரின் கப்பல்களை எண்ணிப் பெருமிதங்கொள்ளும் நாம், இக்கப்பல்களை எண்ணுவதில்லை. அடிமை முறையை அந்நியர் கொணர்ந்த கொடுமையென ஒதுக்கிவிடவும் இயலாது. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையிலே அடிமைகளுக்கெனத் தனிப்பகுதி உண்டு. யாழ்ப்பாணத்து நிலவுடைமையாளர் தம் கீழ்ச் சில சாதியாரை அடிமைகளாகக் கொண்டிருந்ததை அது சட்டமாக்கிக் கொடுத்தது. சட்டப்படி அடிமைமுறை ஒழிந்தது 1844இலேயே. அதன் எச்சங்களை எதிர்த்து நமது முற்போக்கு எழுத்தாளர் எழுதவேண்டியிருந்த காலம் இன்னும் தொலைவிற் சென்றுவிடவில்லை.

2022இன் இறுதியில், ஆங்கிலப் பெயர் இழிவானது என்று கருதிய அரசு, கொம்பனித்தெரு என்ற பொருளுடைய பெயரையே மும்மொழியிலும் வழங்கவேண்டுமெனப் பணித்தது. நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். விளைவை நோக்குமிடத்து, அடிமைகளைக் குறித்த சொல் நீங்க, கொம்பனியைக் குறித்த சொல் நிலைபெற்றுள்ளது. இழிவு அடிமைக்குரியதன்று, அடிமைப்படுத்தியோனுக்குரியது என்ற எளிய உண்மை இதிலே தலைகீழாகின்றது. இப்பெயர் மாற்றத்தைத் தனித்து நோக்குதலும் தவறாகும். மலாயரும் முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் நெருங்கி வாழ்ந்த இவ்வொழுங்கைகளிலிருந்து 2010 முதல் பல குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு, அவர்களது மனையிடங்கள் பெரும் மூலதனத்துக்குத் திறந்துவிடப்பட்டன. வாவிக்கரையில் உயர்ந்தெழுந்த மாடிகளுக்கு முகவரி எழுதும்போது அடிமைத்தீவு என்ற பெயர் இடையூறாக இருந்திருக்கும் என எண்ணுவது மிகையாகாது.

தெற்கே வெள்ளவத்தைக்குச் செல்வோம். தமிழர் செறிந்து வாழும் பகுதியாக இதனை யாவரும் அறிவர். ஹெவ்லொக் வீதியோரம் இன்று ‘ஹெவ்லொக் சிற்றி’ என்ற மாடிக் குடியிருப்புகள் நிற்கும் நிலம், முன்னர் வெள்ளவத்தை நூற்பு நெசவாலை நின்ற நிலம். 1933இலே சிங்களத் தொழிலாளரும் மலையாளத் தொழிலாளரும் அங்கு ஒன்றிணைந்து வேலைநிறுத்தம் செய்தனர். கொல்வின் ஆர். டி சில்வா முதலான வாலிபர் லீக்கினர் அவர்களுக்குத் துணைநின்றனர். 1923ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தையும் 1929ஆம் ஆண்டு ட்ராம் வேலைநிறுத்தத்தையும் நடத்திப் பெயர்பெற்ற ஏ. ஈ. குணசிங்கவோ இம்முறை எதிரணியில் நின்றார். பொருளாதார மந்தத்தின் நெருக்கடியில் அவர் மலையாளத் தொழிலாளருக்கெதிரான இனவாதத்தைக் கையிலெடுத்திருந்தார். இந்நாட்டுத் தொழிலாளர் இயக்கத்திலே வர்க்கமா இனமா என்ற வினா முதன்முதலிற் கூர்மையாக எழுந்த களங்களுள் அவ்வாலையும் ஒன்று. இடதுசாரி இயக்கம், 1935இல் சமசமாஜக் கட்சியாக உருப்பெறுமுன், தன்னைப் பயிற்றிக்கொண்டதும் அங்கேயே. குணசிங்கவின் பெயரால் புறக்கோட்டைக்கு அண்மையில் ஒரு பகுதியே உண்டு. ஆலையிலே போராடிய மலையாளிகள் கொழும்பின் நினைவிலிருந்து முற்றாகவே அகன்றுவிட்டனர்.

இறுதியாகத் தெமட்டகொடை. பார்ப்பதற்கு அங்கு எதுவுமில்லை. வாகன இரைச்சல் மட்டும் உண்டு. 1947ஆம் ஆண்டு ஜூன் 5ஆந் திகதி, பொது வேலைநிறுத்தத்தின்போது, அப்பக்கமாகச் சென்ற ஊர்வலத்தின் மீது பொலிசார் சுட்டதில் அரசாங்க எழுதுவினைஞரான வீ. கந்தசாமி உயிரிழந்தார். சிங்கள, தமிழ், முஸ்லிம் ஊழியர் தோளோடு தோள்நின்ற போராட்டம் அது. அதே ஜூன் 5ஆந் திகதி, ஒன்பது ஆண்டுகளின் பின் 1956இல், சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கும் மசோதா சமர்ப்பிக்கப்பட்டது. காலிமுகத்திடலில் அதனை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் இருந்த தமிழர் காடையராலே தாக்கப்பட்டனர்.

இவ்விரண்டாவது ஜூன் 5ஐத் தமிழ்த் தேசியவாதிகள் மறந்ததில்லை. முதலாவதை அவர்கள் நினைவிற் கொண்டதுமில்லை. தமிழனொருவன் சிங்களத் தோழரோடு நின்று இறந்த நிகழ்ச்சி அவர்களது வரலாற்றுச் சட்டகத்துள் அடங்காது. இடதுசாரிகளின் நிலையும் மெச்சத்தக்கதன்று. 1956இல் அம்மசோதாவை எதிர்த்து வாக்களித்த சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும், 1966 ஜனவரி 8ஆந் திகதி, தமிழ்மொழி விசேட ஏற்பாடுகளின் ஒழுங்குவிதிகளுக்கெதிராக அதே நகரத்தின் வீதிகளில் ஊர்வலம் சென்றன. கந்தசாமியின் பெயரை அதன்பின் அவர்கள் எந்த வாயால் உச்சரிப்பது?

1930களின் தொடக்கம் வரையிலான தொழிலாளர் போராட்டங்களின் இடங்களை அறிய விரும்புவோருக்குக் குமாரி ஜயவர்த்தன 1972இல் வெளியிட்ட இலங்கைத் தொழிலாளர் இயக்க வரலாறு தக்க துணையாகும். அதனைக் கையில் வைத்துக்கொண்டு மருதானையையும் துறைமுகத்தையும் சுற்றிவரலாம். அதற்குப் பிற்பட்ட காலத்துக்குத் தொழிற்சங்க அறிக்கைகளும் துண்டுப்பிரசுரங்களுமே சான்றாகும். அவற்றுட் பல தனியார் வீட்டுப் பெட்டிகளிலே செல்லரித்துக்கொண்டிருக்கின்றன.