கிளை உயிரணு வழி நோய்த்தடுப்பு

கிளை உயிரணு வழி நோய்த்தடுப்பு என்பது, கிருமியின் ஆன்டிஜென்கள் ஏற்றப்பட்ட கிளை உயிரணுக்களை (டென்ட்ரைட்டிக் செல்கள்) உடலில் செலுத்தி, டி செல்களைத் தூண்டி, நெடுநாள் நிலைக்கும் உயிரணுவழி நோயெதிர்ப்பை உண்டாக்கும் முறையாகும். எதிர்ப்பொருள்கள் எட்ட முடியாதவாறு உயிரணுக்களுக்குள் வாழும் கிருமிகளுக்கு இம்முறை பெரிதும் ஆராயப்படுகிறது.

கிளை உயிரணுக்களை 1973இல் ரால்ஃப் ஸ்டைன்மன், சான்வில் கோன் ஆகியோர் சுண்டெலியின் மண்ணீரலில் கண்டறிந்தனர். ஸ்டைன்மனுக்கு 2011இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அவர் அதற்கு மூன்று நாள் முன்னரே காலமாகியிருந்தார். தோலிலும் சளிப்படலங்களிலும் இருக்கும் இவ்வுயிரணுக்கள் கிருமியை விழுங்கி, நிணநீர்க்கணுவுக்குச் சென்று, அதன் புரதத் துண்டுகளை டி செல்களுக்குக் காட்டுகின்றன. துண்டைக் காட்டுவது மட்டும் போதாது. துணைத்தூண்டல் மூலக்கூறுகளும் இன்டர்லூக்கின்-12 போன்ற சைட்டோகைன்களும் உடனிருந்தால்தான் டி செல் தகுந்த வழியில் முதிரும்.

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு லீஷ்மேனியா. மணல் ஈயால் பரவும் இவ்வொட்டுண்ணி, கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய பெருவிழுங்கிகளுக்குள்ளேயே பெருகுகிறது. டி செல்கள் சுரக்கும் காமா இன்டர்ஃபெரான் பெருவிழுங்கியைத் தூண்டினால், அது நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்கி ஒட்டுண்ணியைக் கொல்லும். பால்ப்-சி வகைச் சுண்டெலிகளில் இதற்கு மாறாக இன்டர்லூக்கின்-4 மேலோங்குவதால் நோய் முற்றுகிறது. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒட்டுண்ணியின் சிதைவுச்சாறு ஏற்றிய தோல் கிளை உயிரணுக்களை இச்சுண்டெலிகளுக்குச் செலுத்தியபோது அவை நோயிலிருந்து காக்கப்பட்டன. செலுத்தப்பட்ட உயிரணுக்களே சுரக்கும் இன்டர்லூக்கின்-12 இதற்கு இன்றியமையாதது எனப் பின்னர் தெரியவந்தது. அதாவது, எதைக் காட்டுகிறோம் என்பதைப் போலவே யார் காட்டுகிறார் என்பதும் முக்கியம்.

இந்தக் காப்பு எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதே கடினமான கேள்வி. தோல் லீஷ்மேனியா நோயிலிருந்து குணமானவர்கள் பொதுவாக மீண்டும் அந்நோய்க்கு ஆளாவதில்லை. ஆயினும் அவர்கள் உடலில் சில ஒட்டுண்ணிகள் தங்கிவிடுவதுண்டு. ஒட்டுண்ணி முற்றிலும் நீக்கப்பட்ட சுண்டெலிகள் மறுதொற்றைத் தடுக்கும் ஆற்றலை இழந்தன. எஞ்சிய கிருமியே நினைவைப் புதுப்பிக்கிறது என்றால், உயிருள்ள கிருமி இல்லாத தடுப்பூசி அதே நீடிப்பைத் தருவது எளிதன்று. மனிதருக்கான லீஷ்மேனியா தடுப்பூசி எதற்கும் இதுவரை உரிமம் கிடைக்கவில்லை.

மனிதரில் எச்.ஐ.வி. தொற்றுக்கு இம்முறை சோதிக்கப்பட்டது. 2013இல் வெளியான பார்சிலோனா ஆய்வில், வெப்பத்தால் செயலிழக்கச் செய்த வைரசை ஏற்றிய கிளை உயிரணுக்கள் நோயாளிகளுக்குச் செலுத்தப்பட்டு, வைரசு மருந்துகள் நிறுத்தப்பட்டன. 12ஆம் வாரத்தில் 22 பேரில் 12 பேருக்கு வைரசு அளவு பத்தில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. 24ஆம் வாரத்தில் 20 பேரில் 7 பேருக்கே அவ்வாறு இருந்தது.

ஒவ்வொருவரின் இரத்தத்திலிருந்தும் ஒற்றைக்கருவணுக்களைப் பிரித்து, சில நாள் வளர்த்து, திரும்பச் செலுத்த வேண்டியிருப்பதால் செலவு மிகுதி. லீஷ்மேனியா வாட்டும் ஏழை ஊர்களுக்கு இது ஒத்துவராது. ஆகவே, டெக்-205 போன்ற ஏற்பிகளுடன் இணையும் எதிர்ப்பொருளில் ஆன்டிஜெனைக் கோத்து, உடலினுள் இருக்கும் கிளை உயிரணுக்களுக்கே நேரடியாக அனுப்பும் வழியும் ஆராயப்படுகிறது.