உஷார்! ரிசல்ட் வருவதற்குள் பரணைப் பாருங்கள்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பிள்ளை வளர்க்கிறவர்களே, உஷார்! பிளஸ் டூ ரிசல்ட் வரும் மே மாதம் நமக்குச் சாதாரண மாதம் அல்ல. தேர்ச்சி விகிதத்தில் பல வருடம் முதலிடம் பிடித்த மாவட்டம் விருதுநகர். அந்தப் பெருமையே ஃபெயிலான பிள்ளையைத் தெருவில் தலைகாட்ட விடாமல் செய்துவிடும். 2022-ல் மட்டும் நாடு முழுக்க 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. மார்க் மட்டும் காரணமல்ல. காதல், வீட்டுச் சண்டை, மனச்சோர்வு என்று பலதும் பின்னிக் கிடக்கும்.

முதல் வேலை, பூச்சிமருந்து எங்கே கிடக்கிறது என்று தேடுங்கள். மலையடிவாரத்தில் மாந்தோப்பு, தென்னந்தோப்பு வைத்திருக்கிற வீடுகளில் போன தடவை அடித்து மிஞ்சியது பரணிலோ மாட்டுக்கொட்டகையிலோ மூடி தளர்ந்து கிடக்கும். சாக வேண்டும் என்கிற வேகம் பலருக்குச் சில நிமிடத்தில், சில மணி நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தாலே பாதி ஆபத்து கழிந்தது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கம் டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் இதைச் செய்தே காட்டினார்கள். ஊருக்குப் பொதுவாக ஒரு கட்டடம், அதில் ஆளுக்கொரு பூட்டுப்பெட்டி, மருந்தெல்லாம் அதற்குள். அந்த ஊர்களில் தற்கொலை குறைந்தது. இலங்கையில் கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். 1995-க்குப் பிந்தைய இருபது வருடத்தில் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் இறங்கியது. திருவிழாவுக்கு வீடுவீடாக வசூல் பண்ணத் தெரிந்த நமக்கு, ஊருக்கு ஒரு பூட்டறை கட்டுவதா பெரிய காரியம்?

அடுத்து, பிள்ளை சாப்பாடு இறங்காமல், ராத்திரி தூங்காமல், ஆசையாக வைத்திருந்த பொருளைக் கூட்டாளிகளுக்குக் கொடுத்துக்கொண்டு, “நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி” என்று பேசினால் விளையாட்டு என்று விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேளுங்கள்: “ஐயா, செத்துப்போயிடலாம்னு எதுவும் தோணுதா?” கேட்டால் நாமே நினைப்பூட்டியதாகிவிடும் என்பது வீண் பயம், கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை, மனசிலிருப்பதைக் கொட்ட வழிதான் கிடைக்கிறது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். அப்போது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கை இழுக்காதீர்கள். ஃபெயிலுக்குத் துணைத்தேர்வு இருக்கிறது, அதில் தேறி அதே வருடம் காலேஜ் போகலாம் என்பதைப் பதற்றத்தில் இருக்கிற பிள்ளைக்கு யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வீட்டில் பேச்சு எடுபடாவிட்டால் 14416. டெலிமானஸ், இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். 104-லும் ஆலோசனை உண்டு.

ஒருவேளை எதையாவது குடித்துவிட்டால்? சாணித் தண்ணீர், உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைக்கவே வைக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். உடனே 108. டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள், எந்த மருந்து என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறான் என்று வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதும் ஆபத்து.

“போலீஸ் கேஸ் ஆயிடுமே” என்று ஒளித்து வைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. போலீஸ் வந்து விசாரித்து எழுதிக்கொண்டு போகும், அவ்வளவுதான். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது 2017-ம் வருட மனநலச் சட்டம். தண்டனை தந்த, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவோ, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1-ல் அமலான பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. எனவே கேஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போவதை ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.