சுரைக்குடுக்கைப் பொம்மைகள்

சுரைக்குடுக்கைக் கலை என்பது, முற்றிக் காய்ந்த சுரைக்காயின் கெட்டியான ஓட்டைச் செதுக்கியும் சுட்டும் வண்ணம் தீட்டியும், அதனுடன் துணி, நார், மணி, காகிதக்கூழ் முதலியவற்றைச் சேர்த்தும் பொம்மைகளும் அலங்காரப் பொருட்களும் செய்யும் கைவினையாகும். சமையலுக்குப் பிஞ்சாகப் பறிக்கப்படும் சுரையும் இதுவும் ஒரே தாவர இனமே (லாகெனாரியா சைசெரேரியா). கொடியிலேயே முற்ற விட்டால் ஓடு மரம்போல் இறுகிவிடும். பாம்பாட்டியின் மகுடியும், நீச்சல் பழகுவோர் கட்டிக்கொண்ட குடுக்கையும் இந்த ஓட்டின் பழைய பயன்கள்.

தொன்மையும் பரவலும்

பெருவின் வடகடற்கரையிலுள்ள உவாக்கா பிரியேட்டா மேட்டில் 1946இல் அகழாய்வைத் தொடங்கிய ஜூனியஸ் பேர்ட், உருவங்கள் செதுக்கிய இரு சிறு குடுக்கைகளைக் கண்டெடுத்தார். அவை ஏறத்தாழ 4000 ஆண்டுகள் பழமையானவை. இன்றும் அந்நாட்டின் உவாங்காயோ நகருக்கு அருகிலுள்ள கோச்சாஸ் ஊர்களில் உழவு, திருமணம், திருவிழாக் காட்சிகளைக் குடுக்கைமேல் நுணுக்கமாகச் செதுக்குகின்றனர். கனன்று எரியும் குச்சியால் சுட்டுப் பழுப்பு நிறச் சாயல்களைக் கொண்டுவருகின்றனர். இந்தியாவில் சத்தீசுகரின் பஸ்தர் பகுதியில் இது 'தூமா' கைவினை எனப்படுகிறது. அங்கு சூடேற்றிய கத்தியே எழுதுகோல்.

உலர்த்துதல்

இக்கலையில் தோல்வி பெரும்பாலும் இங்குதான் நேர்கிறது. காம்பு காய்ந்து பழுப்பானபின், சிறிது காம்பு விட்டு அறுக்க வேண்டும். பிறகு காற்றோட்டமான இடத்தில் ஒன்றோடொன்று படாமல் வைக்க வேண்டும். அளவைப் பொறுத்துச் சில மாதங்கள் ஆகும். இடையில் தோலில் பூஞ்சை படரும். அழுகிவிட்டதென்று பலர் தூக்கி எறிவது இந்தக் கட்டத்தில்தான். ஓடு கெட்டியாக இருந்தால் பூஞ்சை வெறும் மேற்பூச்சே. அமுக்கினால் குழிந்தால் மட்டுமே அது அழுகல். எடை குறைந்து, குலுக்கினால் விதை சலசலத்தால் காய்ந்துவிட்டது எனக் கொள்ளலாம். பின்னர் நீரில் ஊறவைத்து மேல்தோலைத் தேங்காய்நாரால் தேய்த்து எடுக்கலாம்.

அறுக்கும்போதும் உள்ளே சுரண்டும்போதும் எழும் தூசி மூச்சுக்குழாய்க்குக் கெடுதி. முகக்கவசம் கட்டாயம், பள்ளிகளில் செய்யும்போது இதைத் தளர்த்தக் கூடாது.

பொம்மை ஆக்குதல்

இடை சிறுத்த குடுக்கையில் தலையும் உடலும் முன்பே இருக்கின்றன. நீண்ட கழுத்துள்ளது கொக்காகும். காய் தரும் வடிவத்தோடு போராடாமல் அதற்கேற்ற உருவத்தைத் தேடுவதே நல்ல வழி. மூக்கு, காது போன்றவற்றை ஈரக் களிமண்ணால் ஒட்டினால், காயும்போது சுருங்கி உதிர்ந்துவிடும். ஓட்டை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, பசை கலந்த காகிதக்கூழை அப்பினால் பிடித்து நிற்கும். கூந்தலுக்குத் தேங்காய்நார், விசிறிக்குப் பனையோலை, ஆடைக்குத் துண்டுத்துணி போதும். உருண்ட அடியுள்ள குடுக்கையின் அடிப்பகுதியில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி இறுகவிட்டால், தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மை போலச் சாய்த்தாலும் நிமிரும். கனம் முழுவதும் கீழே இருப்பதே இதற்குக் காரணம்.

விதை

பிடித்த வடிவக் காயின் விதையை நட்டாலும் அதே வடிவம் வருமென்று சொல்ல முடியாது. அருகிலுள்ள வேறு சுரைக்கொடியின் மகரந்தம் கலந்துவிடும். சுரையின் வெள்ளைப் பூக்கள் மாலையில் மலர்வதால், அந்நேரத்தில் அதே கொடியின் ஆண்பூவைப் பெண்பூவில் தடவி, பெண்பூவின் இதழ்களை நூலால் கட்டிவிட வேண்டும்.