வென்றவரின் நாணயமும் தோற்றவரின் மரமும்

பத்திரிகையும் வானொலியும் இல்லாத காலத்தில் பேரரசின் செய்தியைச் சந்தைக்கும் படைமுகாமுக்கும் கொண்டு சென்றது நாணயமே. உரோமர் இதனை நன்கறிந்திருந்தனர். ஒரு பக்கத்தில் பேரரசரின் தலை. மறுபக்கத்தில் அவர் நாட்டுக்குச் சொல்ல விரும்பிய சேதி. எழுத்தறியாதவரும் படத்தைப் பார்த்துப் பொருளை விளங்கிக் கொள்வர்.

கி.பி. 66இல் யூதேயா நாட்டு மக்கள் உரோம ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். கி.பி. 70இல் பேரரசர் வெஸ்பாசியனின் மகன் டைட்டஸ் ஜெருசலேமைக் கைப்பற்றினான். அங்கிருந்த பெருங்கோயில் எரிந்தழிந்தது. அடுத்த ஆண்டே அவ்வெற்றி நாணயமாயிற்று. வெண்கலத்திலும் பித்தளையிலும் அடிக்கப்பட்ட அந்நாணயங்களுள் பெரியது 'செஸ்டர்ஷியஸ்'. நிறை ஏறக்குறைய 25 கிராம். அதன் நடுவே ஒரு பேரீச்ச மரம். மரத்தடியில் தலையைக் கையில் தாங்கி அழுதபடி ஒரு பெண். மறுபுறம் கைகள் கட்டப்பட்ட கைதி. சில நாணயங்களில் ஈட்டியேந்திய பேரரசர். 'யூதேயா கைப்பற்றப்பட்டது' என்று இலத்தீன் வாசகம் கூறுகின்றது. பேரீச்ச மரம் அம்மண்ணின் அடையாளம்; அழும் பெண் அந்நாடே. ஓர் இனத்தின் துயரம் கடைத்தெருவில் கைமாறும் காசாயிற்று.

துயரம் அத்துடன் நிற்கவில்லை. யூதர் தம் கோயிலுக்கு ஆண்டுதோறும் செலுத்திவந்த காணிக்கைக்கு ஈடான தொகையை, இனி உரோமரின் ஜூபிட்டர் கோயிலுக்கு வரியாகச் செலுத்த வேண்டுமெனக் கட்டளை பிறந்தது. பேரரசின் எம்மூலையில் வாழ்ந்த யூதரும் இதற்குத் தப்பவில்லை.

கி.பி. 132இல் பார் கொக்பா என்பவரின் தலைமையில் மீண்டும் கிளர்ச்சி மூண்டது. கிளர்ச்சியாளர் அதுவரை புழங்கிய நாணயங்களையே எடுத்து, பேரரசரின் முகத்தை அராவியும் தட்டியும் அழித்து, அதன்மேல் தமது முத்திரையைப் பதித்தனர். அவர்களது வெண்கலக் காசில் அதே பேரீச்ச மரம் நிற்கின்றது. ஆனால் அதனடியில் அழும் பெண் இல்லை. மரத்தில் இரு பழக்குலைகள் தொங்குகின்றன. மறுபக்கத்துத் திராட்சை இலையைச் சுற்றி, 'ஜெருசலேமின் விடுதலைக்காக' எனப் பழைய எபிரேய எழுத்தில் பொறித்தனர். சில காசுகளில் அழிக்கப்பட்ட பழைய உருவத்தின் சாயல் இன்றும் தெரிகின்றது.

கி.பி. 135இல் அக்கிளர்ச்சியும் ஒடுக்கப்பட்டது. யூதேயா என்ற பெயரையே உரோமர் நீக்கி, அம்மாகாணத்துக்குச் சிரியா பாலஸ்தீனா எனப் பெயரிட்டனர். ஜெருசலேமினுள் நுழையவும் யூதருக்குத் தடை விதிக்கப்பட்டது.

இன்று இருவகை நாணயங்களும் அருங்காட்சியகங்களில் உள்ளன. வென்றவரின் நாணயத்தை மட்டும் காண்பவர், ஒரு நாடு அழுது அடங்கிற்று என்றே எண்ணுவர். அம்மக்கள் தம்மைத் தாமே எவ்வாறு கண்டனர் என்பதைச் சொல்வது, அராவி அழித்துப் பொறித்த அந்தச் சிறு வெண்கலக் காசே.