பிழைக்குப் பல பெயர்

ஆங்கிலம் பயிலும் மாணாக்கர் பலர், தவறு எத்தகையதாயினும் ‘மிஸ்டேக்’ என்னும் ஒரு சொல்லாற் கூறி அமைகின்றனர். அம்மொழியிலோ செயற்பிழைக்கும் பெயர்ப்பிழைக்கும் தனித்தனிச் சொற்கள் உள. அவற்றின் வேறுபாட்டை அறிதல் சொல்லறிவுக்கேயன்றி நடுநிலையான தீர்ப்புக்கும் துணையாம்.

முதற்கண் செயற்பிழையை நோக்குவோம். ஆங்கிலச் சட்டநூலார் இதனை மூவகைப்படுத்துவர். செய்யத்தகாததைச் செய்தல் ‘மால்பீசன்ஸ்’. செய்யத்தக்கதையே முறைதவறிச் செய்தல் ‘மிஸ்பீசன்ஸ்’. கடமையைச் செய்யாது விடுதல் ‘நான்பீசன்ஸ்’. ஒருவர் நிலத்தை வேண்டுமென்றே மற்றொருவர் பெயரிற் பதிந்த ஊர்க்கணக்கர் முதல்வகைக் குற்றமுடையார். கவனக்குறைவால் எண்ணை மாற்றி எழுதியவர் இரண்டாம் வகையினர். எழுதாமலே ஏட்டை மூடியவர் மூன்றாம் வகையினர். நிலத்துக்குரியார் அடையும் நட்டம் மூன்றிலும் ஒன்றேயாகலாம். ஆயினும் மூவரையும் ஒரே சொல்லாற் பழித்தல் நீதியன்று.

இனிப் பெயர்ப்பிழை. பொருளுக்குப் பொருந்தாப் பெயரை ‘மிஸ்நோமர்’ என்பர். தவறாகப் பெயரிடுதலைக் குறித்த பழைய பிரெஞ்சு வினைச்சொல்லே, இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் பிரெஞ்சு வழங்கிய வழியாக, ஆங்கிலத்திற் புகுந்தது. வழக்காவணத்தில் ஒருவர் பெயரைப் பிழைபட எழுதுதலே அதன் முதற்பொருள். 1492-இல் கொலம்பஸ் தாம் அடைந்த தீவுகளை ஆசியாவைச் சார்ந்தனவெனக் கருதி, அங்குள்ளோரை இந்தியர் என்றழைத்தமை யாவரும் அறிந்த சான்று. எழுத்து மட்டும் பிறழின் அது ‘மிஸ்ஸ்பெல்லிங்’. ஒலியொத்த வேறொரு சொல்லை இடந்தவறி வழங்குதல் ‘மாலப்ராபிஸம்’. 1775-இல் அரங்கேறிய ஷெரிடனின் ‘தி ரைவல்ஸ்’ நாடகத்தில் அவ்வாறு பேசும் மாலப்ராப் அம்மையாரால் வந்த பெயர் இது.

எழுத்துப்பிழையே பெயர்ப்பிழையாய் வளர்தலும் உண்டு. அதற்கு நம் நகரே சான்று. புதிய குடியிருப்பு எனப் பொருள்படும் புதுச்சேரியின் ‘பு’ என்னும் ஒலியைப் பிரெஞ்சுக்காரர் ‘பி, ஓ, யூ’ என மூன்றெழுத்தால் எழுதுவர். சிறிய ‘யூ’ தலைகீழாயின் ‘என்’ போலத் தோன்றும். இம்மாற்றத்தாலேயே ‘பாண்டிச்சேரி’ பிறந்ததென்பது வழிவழிக் கூறப்படும் விளக்கம். புதுச்சேரி, புதுவை என்னும் பெயர்கள் தமிழில் வாழ்ந்திருந்தும், ‘பாண்டி’ என்பதும் பேச்சில் வேரூன்றிற்று. அதனைக் கேட்போர்க்குப் புதுமை நினைவுக்கு வருவதில்லை. பாண்டிய நாடே நினைவுக்கு வருகின்றது. 1954-இல் பிரெஞ்சு நிர்வாகம் நீங்கிய பின்னும் அப்பெயர் அரசாங்க ஏடுகளில் நிலைத்தது. 2006-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தினாலேயே புதுச்சேரி என மாறியது.

பிறழ்ந்த பெயரைத் திருத்த ஒரு சட்டமே வேண்டியதாயிற்று! நம்மிற் பலர் நாளை பதிவேடும் சான்றிதழும் எழுதும் பணியை ஏற்போம். அங்கே பிறர் பெயரை எழுதுமுன் அவரையே ஒருமுறை கேட்டறிவோமாக. எழுதுவோர்க்கு அது ஓரெழுத்து. உரியவர்க்கோ வாழ்நாள் முழுதும் சுமக்கும் பெயர்.